அனுமதித்த பாரம்

மார்ச் 11, 2025, செவ்வாய்

ஞாயிற்றுக்கிழமை வந்த என் பத்தியைப் பற்றி இதுவரை ஏழு பேர் பேசியிருக்கிறார்கள். எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன். ஓய்வு பெற்று நான்கு வருடமாகியும் என் ஆங்கிலப் பத்திரிகை எனக்கு வாரம் எழுநூறு சொல் தருகிறது. ஏழு பேர் என்றால் நூறு சொல்லுக்கு ஒருவர். மோசமில்லை.

விஷயம் மின்சார வண்டிகள். ‘நம் டிரான்ஸ்ஃபார்மர் ஏற்கெனவே நிரம்பிவிட்டது’ என்று தலைப்பு. புனேயின் ஹடப்சரில் நாங்கள் இருக்கும் குடியிருப்பையே உதாரணமாக வைத்தேன். வீடுகள் 64. ஒவ்வொரு வீட்டின் மின்கட்டண ரசீதிலும் ஐந்து கிலோவாட் என்று போட்டிருக்கிறது. ஆக 320. வாசலில் நிற்கும் டிரான்ஸ்ஃபார்மரின் திறன் 315. வண்டி வருவதற்கு முன்பே பானை வழிகிறது. இதில் வீட்டுக்கு வீடு சார்ஜர் வைத்தால் என்ன ஆகும் என்று கேட்டு முடித்திருந்தேன். பதில் சொல்லவில்லை. கேள்வியோடு முடிப்பது என் பாணி என்று வெளியே சொல்லிக்கொள்வேன். பதில் தெரியாதபோது மிகவும் கைகொடுக்கிற பாணி அது.

மனைவி கிரிஜா படித்துவிட்டு, “நல்லாத்தான் இருக்குதுங்க. ஆனா நெறஞ்சு போச்சுங்கறீங்க, நம்மூட்டுல ஃபேன் சுத்திட்டுத்தானே இருக்குது?” என்றாள்.

முப்பத்துநாலு வருடம் மின்சாரமும் தண்ணீரும் எழுதியவனிடம் கேட்கிற கேள்வியா இது?

மார்ச் 13, வியாழன்

என் பத்தி லிஃப்டில் ஏறிவிட்டது. குடியிருப்புச் சங்கமான சொசைட்டியின் செயலாளர் அப்யங்கர் அதைக் கத்தரித்து, லேமினேட் செய்து, கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார். புனேக்காரர்களுக்கு அறிவிப்பு என்றாலே குத்திக்காட்டுவதற்கான இடம். அப்யங்கர் அதில் கை தேர்ந்தவர். கீழே மராத்தியில், அவரே கைப்பட எழுதியது:

“வண்டிக்குப் பசித்தால் வெளியே சாப்பிட்டுவிட்டு வரட்டும். இங்கே வீட்டில் இருப்பவர்களுக்கே போதவில்லை. ஆதாரம் மேலே. — கமிட்டி.”

மேலே என்றால் என் பெயர், என் படம். படம் பன்னிரண்டு வருடப் பழசு. தலையில் முடி இருக்கிறது.

மார்ச் 14, வெள்ளி

ஹோலி. படத்தில் என் மூக்கின் மேல் யாரோ நீலச் சாயம் தடவியிருந்தார்கள். லேமினேட் ஆனதால் துடைத்ததும் போய்விட்டது. இதைக் கவனிக்க இன்று நான்கு முறை லிஃப்டில் போக வேண்டியிருந்தது. நாங்கள் இருப்பது முதல் மாடி.

மார்ச் 17, திங்கள்

பி விங் மூன்றாம் மாடியிலிருந்து வைஷாலி வந்திருந்தாள். பிசியோதெரபிஸ்ட். முப்பத்தைந்து வயதிருக்கும். அப்பா தாபோடியில் ராணுவப் பட்டறை வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் தமிழ்தான் பேசுவார்கள், ஆனால் அவளுக்கு அது பாதி வாக்கியத்தில் தீர்ந்துபோகும். மீதியை இந்தியிலும் மராத்தியிலும் நிரப்பிக்கொள்வாள்.

அப்யங்கரின் அறிவிப்பு அவளுக்காக எழுதப்பட்டது என்பதே எனக்கு இன்றுதான் தெரிந்தது. போன மாதம் மின்சாரக் கார் வாங்கியிருக்கிறாள். பக்கவாதத்தில் படுத்துவிட்ட எட்டுப் பேருக்கு வீட்டுக்கே போய்ப் பயிற்சி கொடுக்கிறாள், ஹடப்சரிலிருந்து கராடி வரைக்கும். மடக்குக் கட்டிலும் இயந்திரமும் ஸ்கூட்டரில் போகாது. தன் பார்க்கிங் இடத்தில் சார்ஜர் வைத்துக்கொள்ள சொசைட்டியிடம் என்.ஓ.சி. கேட்டிருக்கிறாள். அப்யங்கர் லிஃப்டைக் காட்டியிருக்கிறார்.

“அங்கிள், அது நீங்க லிக்கா... எழுதுனதுதானே?”

“ஆமாம்மா.”

“பக்காவா? செக் பண்ணீங்களா?”

“கணக்கு யார் பக்கமும் சாயாது,” என்றேன். இப்படி ஒரு வாக்கியம், என் வாயிலிருந்து, கையில் காபி டம்ளரோடு.

“இப்போ பப்ளிக் சார்ஜர்ல லைன்ல நிக்கறேன் அங்கிள். ஒரு நாள் ஒன்றரை அவர், ஒரு நாள் ரெண்டரை. எட்டு பேர்ல மூணு பேர் வீட்டுக்குப் போகவே முடியல. ஏப்ரல் பதிமூணு சொசைட்டி மீட்டிங். அதுல நகோ... வேணாம்னு சொல்லிட்டாங்கன்னா வண்டிய வித்துட்டு மறுபடி கிளினிக்லயே உக்காந்துக்க வேண்டியதுதான். ஆனா அவங்கல்லாம் கிளினிக் வர மாட்டாங்க. பெட்ல இருந்து சேருக்கே இப்பதான் வர்றாங்க.”

வருத்தம் தெரிவித்தேன். அதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு. அவள் காபியைத் தொடவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

64 × 5. மறுபடி போட்டுப் பார்த்தேன். பேனாவால் ஒரு தடவை, கால்குலேட்டரில் ஒரு தடவை. 320. சரிதான்.

மார்ச் 20, வியாழன்

அடுத்த பத்திக்கு ஒரு மேற்கோள் வாங்குவதற்காக மின்சார அலுவலகம் போகிறேன் — என்று நேற்று கிரிஜாவிடம் சொன்னேன். நான் எழுதியது சரி என்று யார் வாயாலாவது கேட்கத்தான் போனேன்.

எங்கள் பகுதிக்கு உதவிப் பொறியாளர் ஸ்நேஹா காம்ப்ளே என்ற பெண். இருபத்தெட்டு வயதுக்கு மேல் இருக்காது. மேஜைக் கண்ணாடிக்கு அடியில் என் பத்தி இருந்தது. பார்த்ததும் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது.

“படிச்சீங்களா?”

“நான் மட்டுமா? ஆஃபீஸ்ல எல்லாரும் படிச்சோம் காகா,” என்று மராத்தியில் சித்தப்பா முறை வைத்துச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரிப்பை அடக்குகிறவர்கள் அப்படித்தான் திரும்புவார்கள்.

ரசீது இருக்கிறதா என்றாள். இருந்தது. ஐந்து கிலோவாட்டுக்கு முன்னால் அச்சாகியிருந்த இரண்டு சொற்களில் விரலை வைத்தாள். மஞ்சூர் பார்.

“இதுக்கு என்ன அர்த்தம் காகா?”

“பாரம். லோட்.”

“அது பார். மஞ்சூர்?”

இருபத்தெட்டு வருடமாகப் புனேயில் இருக்கிறேன். லீவு மஞ்சூர், லோன் மஞ்சூர், எல்லாம் தெரியும். அனுமதித்தாயிற்று என்று பொருள். ஆனால் ரசீதில் ‘பார்’ என்று பார்த்ததும் என் தமிழ் மூளை ‘பாரம்’ என்று ஓடிப்போய் அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. முன்னால் நின்ற சொல்லைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஐந்து கிலோவாட் என்பது ஒரு வீடு அதிகபட்சம் எவ்வளவு இழுக்கலாம் என்கிற அனுமதி. இழுத்துக்கொண்டிருக்கிற பாரம் அல்ல. நான் அறுபத்துநாலு அனுமதிகளைக் கூட்டி டிரான்ஸ்ஃபார்மர் தலையில் ஏற்றியிருக்கிறேன்.

“உங்க சொசைட்டில அறுபத்துநாலு வீடு. எல்லாரும் ஒரே நிமிஷத்துல லிஃப்ட்ல ஏறுவீங்களா காகா?”

“மாட்டோம்.”

“அதேதான் இதுவும்.”

டிரான்ஸ்ஃபார்மரின் அளவுப் பதிவைக் கணினியில் காட்டினாள். போன வருடத்தின் உச்சம் 138. ஜனவரி 9, காலை ஏழேகால். எல்லா வீட்டிலும் கீசர். அதே நாள் இரவு ஒரு மணிக்கு 41. வைஷாலியின் சார்ஜர் எவ்வளவு என்று கேட்டேன். மூன்று கிலோவாட்டுக்குச் சற்று மேல். ஒரு கீசரும் ஒரு இஸ்திரிப் பெட்டியும்.

“அப்படியானால் பிரச்சினையே இல்லையா?” என்று கேட்டேன், கடைசி நம்பிக்கையாக.

“ஏன் இல்லாம? ஐம்பது வண்டி சாயங்காலம் ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்து ஒண்ணாச் சொருகினா பிரச்சினைதான். நேரம் பிரிச்சுக் குடுக்கணும். சார்ஜருக்குத் தனி மீட்டர் வேணும். பார்க்கிங்ல இருக்கற பழைய வயரை நம்ப முடியாது. இதெல்லாம் இப்பவே செஞ்சு வெச்சாத்தான் அஞ்சு வருஷம் கழிச்சு முழிக்க வேண்டியதில்ல. இதப் பத்தி நீங்க எழுதலையே?”

எழுதவில்லை. எழுநூறு சொல்லில் வழிகிற பானைக்கே அறுபது போய்விட்டது.

முப்பத்துநாலு வருடம் நான் எழுதியதைத் திரும்ப யோசித்துக்கொண்டு வந்தேன். மின்வெட்டு, கட்டண உயர்வு, மந்திரி பேட்டி. மின்சாரம் ஏன் போய்விட்டது என்று எழுதத் தெரியும். எப்படிப் போகிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

மார்ச் 21, வெள்ளி

கிரிஜாவிடம் சொன்னேன். “மஞ்சூரா? அது ஊட்டிக்கு அந்தப்பக்கம் இருக்கற ஊராச்சே. எங்க பெரியப்பா அங்கதானுங்க கரண்டாபீஸ்ல இருந்தாரு. அவரைக் கேட்டிருந்தாலே சொல்லியிருப்பாரு.”

பெரியப்பா இறந்து பதினாறு வருடம் ஆகிறது. ஆனாலும் என்னைவிடச் சரியாகத்தான் சொல்லியிருப்பார்.

மார்ச் 24, திங்கள்

பத்திரிகைக்குப் போன் செய்தேன். ஞாயிறு பக்கத்தை இப்போது பார்ப்பவன் அனிருத். சென்னைப் பையன், மூன்று வருடமாகக் கராடியில் அறை எடுத்திருக்கிறான். நல்ல பையன், அதுதான் ஆபத்து.

“சார், பதினஞ்சு நாள் ஆயிடுச்சு. இனிமே யாரு சார் பாக்கப் போறாங்க? ஆன்லைன்ல அந்த பாராவ மட்டும் சைலண்ட்டா மாத்திடறேன். உங்க ரெக்கார்டும் அப்படியே இருக்கும்.”

என் ரெக்கார்டு: என் பெயரில் இதுவரை ஒரு திருத்தம்கூட வந்ததில்லை. ஓய்வு பெற்ற அன்று மூன்று பேர் மேடையில் அதைச் சொன்னார்கள். நான்காவதாக நானே சொன்னேன்.

சரி என்றேன். ஒரு நிமிடம் தயங்கினேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. தயங்கவில்லை.

மார்ச் 26, புதன்

மாற்றிவிட்டான். பாரா போய்விட்டது. தலைப்பில் ஒரு கேள்விக்குறி சேர்ந்திருக்கிறது. ‘நம் டிரான்ஸ்ஃபார்மர் ஏற்கெனவே நிரம்பிவிட்டதா?’ சத்தமே இல்லை. சுத்தமான வேலை.

லிஃப்டில் கேள்விக்குறி இல்லை. லேமினேஷனை ஆன்லைனில் மாற்ற முடியாது என்பது எனக்கும் அனிருத்துக்கும் தோன்றாமல் போனது எப்படி?

தோன்றாமலா போனது?

மார்ச் 28, வெள்ளி

பல் டாக்டரைப் பார்க்கக் கராடி போனேன். கிளினிக்குக்கு இரண்டு கட்டடம் தள்ளி பப்ளிக் சார்ஜர். நான்காவதாக வைஷாலியின் கார். கதவைத் திறந்து வைத்து, போனை ஸ்டீயரிங் மேல் சாய்த்து வைத்திருந்தாள். வீடியோ காலில் யாரோ ஒரு வயதான அம்மாள்.

“காகூ, விரல மடக்குங்க. ஏக்... தோன்... இல்ல இல்ல, தோள் தூக்கக் கூடாது. பக்கத்துல யார் இருக்காங்க? அண்ணாவா? அண்ணா, அவங்க முழங்கையைப் புடிச்சுக்கோங்க. அப்படி இல்ல, கீழ இருந்து. ஐயோ, நான் இருந்தா... பரவால்ல. மறுபடி. ஏக்...”

மராத்தி பாதி, இந்தி பாதி. நான் வடாபாவ் வண்டிக்குப் பின்னால் நின்றிருந்தேன். ஒளிந்துகொண்டேன் என்று சொல்ல மாட்டேன். வடாபாவும் வாங்கினேன். அரை வாய் மரத்திருந்ததால் சாப்பிட முடியவில்லை.

அவள் பதினேழு வரைக்கும் எண்ணினாள். நானும் எண்ணினேன். எதையும் எண்ணுவதுதானே என் தொழில்.

மார்ச் 29, சனி

திருத்தம் எழுதுகிறேன்.

முதல் வரைவு: 146 சொல். மின்பகிர்மானத்தின் வரலாறு இருக்கிறது. தவறு என்ற சொல் இல்லை.

இரண்டாவது: “அந்தப் பத்தி சில வாசகர்களால் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டிருக்கலாம்.” ஆக, தப்பு வாசகர்களுடையது.

மூன்றாவதைக் கிரிஜாவிடம் படித்துக் காட்டினேன். “எல்லாம் சரிங்க. தப்பு யாரு பண்ணுனதுன்னுதான் கடைசி வரைக்கும் தெரியல,” என்றாள். எத்தனை மந்திரிகளின் அறிக்கையைப் பற்றி நான் இதே வாக்கியத்தை எழுதியிருக்கிறேன்!

நான்காவது, நான்கு வரி. அனுப்பிவிட்டேன். அச்சில் வர வேண்டும், ஆன்லைனில் மட்டும் போதாது என்று சேர்த்து எழுதினேன்.

ஏப்ரல் 1, செவ்வாய்

“சார், இன்னைக்குப் போட்டா எல்லாரும் ஜோக்குன்னு நெனச்சுக்குவாங்க.” — அனிருத். நியாயம்தான்.

ஏப்ரல் 3, வியாழன்

வந்துவிட்டது. நான்காம் பக்கம், காணாமற்போன கிளி விளம்பரத்துக்கு அடியில்:

“மார்ச் 9 பத்தியில் ஒரு குடியிருப்பின் மின்பயன்பாட்டை 320 என்று எழுதியது என் தவறு. அது வீடுகளுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அளவுகளின் கூட்டுத்தொகை. சென்ற ஆண்டு அங்கே பதிவான உண்மையான உச்சம் 138. டிரான்ஸ்ஃபார்மர் நிரம்பவில்லை. — கல்யாணசுந்தரம்.”

கிளிக்குப் படம் போட்டிருந்தார்கள்.

பேப்பரை எடுத்துக்கொண்டு வைஷாலி வீட்டுக்குப் போனேன். படிக்கட்டில்தான் போனேன். அவள் நின்றபடியே படித்தாள்.

“அங்கிள், இவ்வளவு சின்னதாவா போடுவாங்க?”

“தப்ப பெரிசாப் போடுவோம். திருத்தத்தச் சின்னதாப் போடுவோம். அது எங்க பழக்கம்மா.”

சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். “மூணு வாரம் லைன்ல நின்னேன் அங்கிள்,” என்றாள். பிறகு உள்ளே போய்க் கத்தரிக்கோல் எடுத்துவந்தாள். கிளி தனியாக விழுந்தது.

ஏப்ரல் 6, ஞாயிறு

திருத்தத்தையும் லிஃப்டில் ஒட்டும்படி அப்யங்கரிடம் கேட்டேன். “இடமில்லை,” என்றார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் முழுக்கக் காலி. காட்டினேன். “அது காற்றுக்கு,” என்றார்.

ஏப்ரல் 13, ஞாயிறு

சொசைட்டிக் கூட்டம். மொட்டை மாடியில் பந்தல். 51 பேர். இவ்வளவு பேர் வந்ததே இல்லை. வைஷாலி கடைசி வரிசையில் அப்பாவோடு உட்கார்ந்திருந்தாள். அவர் தாபோடியிலிருந்து இதற்காகவே வந்திருந்தார்.

அப்யங்கர் எழுந்தார். “நிபுணர் மார்ச்சில் ஒன்று எழுதினார். ஏப்ரலில் வேறொன்று எழுதுகிறார். மே மாதம் என்ன எழுதுவார்?” எல்லோரும் சிரித்தார்கள். நல்ல கேள்வி. நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

எழுந்தேன். திருத்தத்தை மராத்தியில் சொல்லிப் படித்தேன். டிரான்ஸ்ஃபார்மரைப் பெண்பாலாக்கிவிட்டேன். பின்வரிசையில் மறுபடி சிரிப்பு. பேப்பரை மடித்து வைத்தேன். பிறகு எழுதி வைத்துக்கொள்ளாததைச் சொன்னேன்: “ரசீதைப் படிக்கத் தெரியாமல் எழுதினேன். அதை நம்பித்தான் நீங்கள் இந்தப் பெண்ணுக்கு மறுத்தீர்கள். மறுப்பதாக இருந்தால் இன்று வேறு காரணம் சொல்லி மறுங்கள். என் காரணத்தைத் திருப்பிக் கொடுங்கள்.”

யாரும் சிரிக்கவில்லை. மராத்தி சரியாக இருந்ததா என்று தெரியவில்லை.

ஸ்நேஹா காம்ப்ளே கொடுத்த அளவுப் பதிவை வைஷாலி ஒவ்வொருவராகக் கொடுத்துவந்தாள். வயரிங் பற்றி, தீ பற்றிக் கேள்விகள். தனி மீட்டர், புது வயர், இரண்டையும் தானே போட்டுக்கொள்வதாகச் சொன்னாள். வாக்கெடுப்பு: ஆதரவு 29, எதிர்ப்பு 17, நடுநிலை 5.

ஆனால் மூன்று மாதச் சோதனை. இரவு பதினொன்றிலிருந்து ஐந்து வரைதான் சார்ஜ். வாரம் ஒருமுறை டிரான்ஸ்ஃபார்மர் மீட்டரின் உச்ச அளவைப் பதிவேட்டில் எழுத வேண்டும். ஒரு முறை 200-ஐத் தாண்டினாலும் அனுமதி ரத்து.

யார் எழுதுவது? அப்யங்கர் என்னைப் பார்த்தார். “பெருக்கத் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறாரே. படிக்கவும் கற்றுக்கொள்ளட்டும்.”

இது மட்டும் ஏகமனதாக நிறைவேறியது.

ஏப்ரல் 27, ஞாயிறு

சார்ஜர் வேலை முடிந்து முதல் வாரம். வாசலில் மீட்டர் பெட்டிக்குச் சிறு கண்ணாடி ஜன்னல். குனிந்து பார்க்க வேண்டும். 127.

மே 11, ஞாயிறு

149. வெயில். இந்த வருடம் எல்லா வீட்டிலும் ஏ.சி. உச்சம் பதிவானது வியாழன் இரவு 9.50-க்கு. அப்போது வைஷாலியின் வண்டி சொருகப்படவே இல்லை. ஆனால் தீர்மானத்தில் ‘யாரால்’ என்று எழுதவில்லை, ‘எவ்வளவு’ என்றுதான் எழுதியிருக்கிறது. நான் அங்கேதான் இருந்தேன், கவனிக்கவில்லை. ஒரு சொல்லைப் படிக்காமல் விடுவதில் எனக்கு இப்போது அனுபவம் கூடியிருக்கிறது.

மே 18, ஞாயிறு

163.

வைஷாலி எண்ணைக் கேட்கவில்லை. பெட்டிக்கு எதிரே நின்று என் முகத்தைப் பார்த்தாள். நான் விரலால் 1, 6, 3 என்று காட்டினேன். 200-க்கு இன்னும் 37 இருக்கிறது. கழித்தலைப் பேனாவால் ஒரு தடவை, கால்குலேட்டரில் ஒரு தடவை செய்தேன்.

வீட்டுக்கு வந்து எங்கள் ஏ.சி.யை அணைத்தேன். “இதுனால என்னுங்க ஆகப்போகுது?” என்றாள் கிரிஜா. ஒன்றரை கிலோவாட் குறையும். முதுகு வியர்த்தது. ஐந்து மணிநேரம் தாங்கினேன். பிறகு அவளே போட்டுவிட்டாள்.

மே 25, ஞாயிறு

மழை. முன்னதாகவே வந்துவிட்டது. 121.

ஜூன் 22, ஞாயிறு

124. சார்ஜருக்கு இன்னும் நான்கு விண்ணப்பங்கள். நேரத்தை எப்படிப் பிரிக்கலாம் என்று ஸ்நேஹா காம்ப்ளேயிடம் கேட்டு ஒரு அட்டவணை போட்டிருக்கிறேன். கமிட்டிக்குக் கொடுக்கும் முன் அவளிடம் காட்டினேன். இரண்டு தப்பு கண்டுபிடித்தாள்.

ஜூலை 13, ஞாயிறு

காலை 6.10. 118.

மூன்று மாதத்தின் கடைசி அளவு. பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வைஷாலியிடம் நானே சொல்லிவிடலாம் என்று குடையோடு பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்றேன். இதற்கென்று ஒரு வாக்கியமும் தயாராக இருந்தது. நல்ல வாக்கியம், பதினொரு சொல்.

கார் பின்னால் வந்து நின்றதே தெரியவில்லை. அவள் மெல்ல ஹாரன் அடித்த பிறகுதான் திரும்பினேன். கண்ணாடியை இறக்கினாள்.

“அங்கிள், சாயங்காலம் பேசலாமா? ஆறரைக்கு ஃபர்ஸ்ட் பேஷண்ட். இப்போ பதினொண்ணு பேர் ஆயிட்டாங்க. கொஞ்சம் தள்ளிக்கறீங்களா?”

கேட்டுக்கு நடுவில் வழியை மறித்துக்கொண்டு நின்றிருந்தேன். தள்ளிக்கொண்டேன்.